ஸ்வீடனில் ஃபிகா நடை: காபியும் பன்னும் ருசித்தபடி ஊர் சுற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

காலை பத்து மணிவாக்கில் ஒருமுறை, மாலை மூன்று மணிவாக்கில் இன்னொரு முறை. ஸ்வீடனில் பெரும்பாலான அலுவலகங்களில் இந்த இரண்டு நேரமும் வேலை நின்றுவிடும். மேலாளர் முதல் புதிதாகச் சேர்ந்தவர் வரை ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து காபி குடிப்பார்கள். கூட ஒரு பன் இருக்கும், இல்லையென்றால் பிஸ்கட் இருக்கும். இதுதான் ஃபிகா. ஞாயிற்றுக்கிழமை நண்பரைப் பார்ப்பதும், பாட்டி வீட்டுக்குப் போவதும், முதன்முதலில் ஒரு பெண்ணையோ பையனையோ சந்தித்துப் பேசுவதும் பெரும்பாலும் ஃபிகாவுக்கு அழைத்துத்தான் நடக்கும்.

வெளியூரிலிருந்து போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, ஒரு வழிகாட்டியோடு நடந்து நான்கைந்து கடைகளில் ருசி பார்க்கும் ஃபிகா நடை. ஸ்டாக்ஹோமிலும் கோதன்பர்கிலும் இப்படிப்பட்ட நடைகள் உண்டு. அலிங்சோஸ் என்ற சின்ன ஊர் இதற்காகவே பேர் வாங்கியிருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடை என்று பெயர் இருந்தாலும் இதில் முக்கியம் உட்காருவதுதான். எட்டுக் கடை, பத்து ருசி என்று ஓட வைக்கும் சுற்றைவிட, மூன்று கடையில் நிதானமாக உட்கார வைக்கும் சுற்று எவ்வளவோ மேல். கீழே சொல்லும் எல்லாவற்றையும் இந்த ஒரு அளவுகோலை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதல் படி: எந்தப் பருவத்தில் போவது

ஸ்வீடனின் பலகாரங்களுக்குப் பருவம் உண்டு. எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தட்டில் வருவது மாறும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததிலிருந்து ஈஸ்டர் வரை செம்லா காலம். ஏலக்காய் போட்ட மெத்தென்ற கோதுமை பன்னின் தலையை வெட்டி, உள்ளே பாதாம் விழுது வைத்து, மேலே அடித்த கிரீமைக் குவித்து, வெட்டிய தலையை மறுபடி மூடி, சர்க்கரைப் பொடி தூவித் தருவார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய செவ்வாய்தான் இதன் உச்சநாள். அன்று பேக்கரி வாசல்களில் வரிசை தெருவரை நீளும். பழைய வழக்கப்படி இதைக் கிண்ணத்தில் சூடான பாலுக்குள் வைத்தும் சாப்பிடுவார்கள். 1771 பிப்ரவரி 12 அன்று அடால்ஃப் ஃபிரெட்ரிக் மன்னர் இறந்தது சிங்கி இறாலும் மீன் முட்டையும் ஷாம்பெயினுமாக நடந்த ஒரு பெரிய விருந்துக்குப் பிறகு. அந்த விருந்தின் கடைசிப் பண்டம் இந்தப் பால் செம்லாதான். ஸ்டாக்ஹோமில் இந்தக் கதையைச் சொல்லாத வழிகாட்டியைப் பார்ப்பது கஷ்டம்.

அக்டோபர் 4 இலவங்கப்பட்டை பன்னின் நாள். 1999இல்தான் தொடங்கினார்கள், ஆனால் இன்று நாடே கொண்டாடுகிறது. செப்டம்பர் கடைசி வாரம் பச்சை நிற இளவரசி கேக்குக்கு உரியது. டிசம்பரில் குங்குமப்பூ போட்டு மஞ்சளாகச் சுட்ட, இரண்டு முனையும் சுருண்ட லுஸ்ஸெகாத் பன் வரும். டிசம்பர் 13 லூசியா நாளன்று அது இல்லாத வீடு அரிது.

கோடையில் பொழுது நீளும், தோட்டக் காபிக் கடைகள் திறந்திருக்கும், ஆனால் கூட்டமும் அதிகம். என்னைக் கேட்டால் பிப்ரவரி என்பேன். குளிர் கடுமைதான். ஆனால் பனியில் நடந்து வந்து, கண்ணாடியில் ஆவி படிந்த ஒரு கடைக்குள் நுழைந்து, கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்தால், இந்த ஊர்க்காரர்கள் ஏன் காபியை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது விளக்கமில்லாமலே புரியும்.

இரண்டாம் படி: நல்ல சுற்றைத் தேர்ந்தெடுப்பது

பதிவு செய்யும் முன் ஏற்பாட்டாளரிடம் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். எத்தனை இடத்தில் உட்காருவோம், எத்தனை இடத்தில் நின்றுகொண்டே ருசி பார்ப்போம்? இதுதான் முதல் கேள்வி. எல்லாமே கையில் வாங்கித் தெருவில் நின்று சாப்பிடுவது என்றால் அதை விட்டுவிடுங்கள். அது தின்பண்டச் சுற்று, ஃபிகா அதில் இல்லை.

அடுத்து, குழுவில் எத்தனை பேர்? பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் பழைய கடைகளின் சிறிய அறைகளில் ஒன்றாக உட்கார இடம் கிடைக்காது. காபி கட்டணத்தில் சேர்ந்ததா? சில சுற்றுகளில் பலகாரம் மட்டும்தான் சேரும். மழை பெய்தால் என்ன செய்வார்கள், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

உணவுக் கட்டுப்பாடு இருந்தால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள், அங்கே போய்ச் சொல்வது தாமதம். நம்மில் பலருக்கு இது முக்கியமானதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முட்டை ஏறக்குறைய எல்லாக் கேக்கிலும் உண்டு. பன் மாவில் முட்டை இல்லாவிட்டாலும், மினுமினுப்புக்காக மேலே முட்டை பூசியே சுடுவார்கள். கிரீம் கேக்குகளில் ஜெலட்டின் சேர்ப்பதுண்டு, கடைக்குக் கடை மாறும். பச்சை மார்சிபான் (சர்க்கரை சேர்த்த பாதாம் விழுது) சுற்றி, இரு முனையும் சாக்லேட்டில் தோய்த்த புன்ஷ்ருல்லே என்ற சிறிய உருளையில் அராக் என்ற சாராயத்தின் மணம் இருக்கும், மது தவிர்ப்பவர்கள் கேட்டுவிட்டு எடுக்கவும். பால் வேண்டாம் என்பவர்களுக்குக் கவலை இல்லை. ஓட்ஸ் பால் பிறந்த நாடே இதுதான், லுண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து வந்தது. எந்தக் கடையிலும் கேட்கலாம்.

மூன்றாம் படி: போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய காபி

சுற்றுக்கு முந்தைய நாளே ஒரு சாதாரணக் கடையில் சாதாரணக் காபியைக் குடித்துப் பாருங்கள். பிரிக்காஃபே என்று கேளுங்கள். கொதிநீரை வடிதாள் வழியே இறக்கிய, பால் சேர்க்காத காபி, பெரிய கோப்பை நிறைய வரும். டிகாஷனில் பால் ஊற்றிக் குடித்துப் பழகிய நாக்குக்கு முதல் வாய் மெலிதாகவும் கொஞ்சம் புளிப்பாகவும் தெரியும். கொட்டையை அதிகம் கறுக்க விடாமல் இளவறுப்பாக எடுப்பதால் அப்படி. சர்க்கரை போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கூட வரும் பன்னில் இருக்கும் இனிப்புக்குக் காபியின் கசப்பும் புளிப்பும் எதிர்த்தட்டு. ஒரு கடி, ஒரு மிடறு என்று மாற்றி மாற்றிப் போனால்தான் இரண்டும் பொருந்தும்.

எல்லா இடத்திலும் ஒரே வறுப்பு என்றும் நினைக்க வேண்டாம். தெற்கே ஸ்கோனே பகுதியில் கறுப்பாக வறுத்த காபிக்கே மதிப்பு. ஹெல்சிங்போரியில் 1886இல் தொடங்கிய சோயேகாஸ் அதற்குப் பேர் போனது. அடர்த்தியான காபிதான் பிடிக்கும் என்பவர்கள் அதைத் தேடலாம். வட கோடியில் கரடுமுரடாக அரைத்த தூளை நேரே தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து, கோப்பையில் பாலாடைக்கட்டித் துண்டுகளையும் போட்டுக் குடிப்பார்கள்.

பல கடைகளில் வடிகாபிக்கு இரண்டாம் கோப்பை இலவசம், அல்லது மிகக் குறைந்த விலை. போத்தோர் என்பார்கள். குடுவை ஒரு ஓரமாக வைத்திருக்கும், நாமே ஊற்றிக்கொள்ளலாம். முதலில் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் காபியை அரசாங்கம் விரட்டிய காலமும் உண்டு. 1756இல் முதல் தடை வந்தது. 1820களின் தொடக்கம் வரை தடை போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்கள். இறக்குமதியில் பணம் வெளியே போகிறது என்பது ஒரு காரணம். பிறகு 1855இல் வீட்டில் சாராயம் காய்ச்சுவது தடைசெய்யப்பட்டது, மதுவிலக்கு இயக்கமும் வலுத்தது. சாராயம் இருந்த இடத்தைக் காபி பிடித்துக்கொண்டது. மூன்றாம் குஸ்தாவ் மன்னர் இரண்டு கைதிகளில் ஒருவருக்குக் காபியும் இன்னொருவருக்குத் தேநீரும் தினமும் கொடுத்து யார் முதலில் சாகிறார் என்று பார்த்ததாக ஒரு கதையும் வழிகாட்டிகளிடம் கேட்பீர்கள். அதைக் கதையாகவே கேட்டுக்கொள்ளுங்கள். தடைகள்தான் உண்மையான வரலாறு.

நான்காம் படி: தட்டில் எதை எடுப்பது

கண்ணாடிப் பெட்டிக்கு முன் நின்றால் தலை சுற்றும். முதல் நாளுக்கு ஏலக்காய் பன் போதும் என்பேன்.

இலவங்கப்பட்டை பன்தான் உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஸ்டாக்ஹோமில் பலர் கார்தெமும்மாபுல்லே என்ற ஏலக்காய் பன்னைத்தான் ஒரு படி மேலே வைக்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. நாம் பாயசத்திலும் டீயிலும் ஏலக்காயை நைசாகத் தட்டிப் போடுவோம். அவர்கள் விதைகளைக் கொரகொரப்பாக இடித்து, வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து மாவின் மடிப்புகளுக்குள் தடவி, கீற்றாக வெட்டி, முடிச்சுப் போட்டுச் சுடுவார்கள். கடிக்கும்போது விதைத்துணுக்குகள் பல்லில் நெரிபடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த செடியின் விதை வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாட்டின் அன்றாட மணமாகிவிட்டது! இலவங்கப்பட்டை பன்னின் மாவிலும் ஏலக்காய் இருக்கும், கவனித்துப் பாருங்கள். அந்தப் பன்னின் மேல் வெள்ளையாகக் கரையாமல் நிற்பது முத்துச் சர்க்கரை.

அடுத்தது இளவரசி கேக், பிரின்செஸ்தோர்த்தா. மெல்லிய கேக் அடுக்குகள், ராஸ்பெர்ரி ஜாம், வெனிலா கஸ்டர்ட், அதன்மேல் குவிமாடம் போல அடித்த கிரீம். எல்லாவற்றையும் மூடி வெளிர்பச்சை மார்சிபான் போர்வை, உச்சியில் ஒரு இளஞ்சிவப்பு ரோஜா. ஜென்னி ஓகெர்ஸ்த்ரோம் என்ற சமையல் ஆசிரியையிடம் கார்ல் இளவரசரின் மூன்று மகள்கள் மார்கரேத்தா, மார்த்தா, ஆஸ்த்ரித் ஆகியோர் பாடம் படித்தார்கள். கேக்கின் பெயர் அவர்களால் வந்தது. மார்த்தா பின்னாளில் நார்வேயின் பட்டத்து இளவரசி, ஆஸ்த்ரித் பெல்ஜியத்தின் அரசி. ஒரு துண்டை இருவர் பகிர்ந்தாலே போதும்.

பிஸ்கட் வகை தனி உலகம். விருந்தினர் வந்தால் ஏழு வகை பிஸ்கட் வைப்பது பழைய மரியாதை. அதற்குக் குறைந்தால் கஞ்சத்தனம், கூடினால் பகட்டு என்று பேசுவார்களாம். நடுவில் ஜாம் குழி உள்ள ஹலோன்குரோத்தா, வாயில் போட்டதும் பொடியும் த்ரோம்மார், இரண்டையும் தவறவிடாதீர்கள். குழந்தைகள் கூட வந்தால் சாக்லேட் உருண்டை. ஓட்ஸ், கோகோ, வெண்ணெய், சர்க்கரை, ஒரு கரண்டி காபி, அடுப்பே வேண்டாம், தேங்காய்த் துருவலில் புரட்டியது. பெரும்பாலும் முட்டையும் இருக்காது.

ஐந்தாம் படி: ஸ்டாக்ஹோமில் வழிகாட்டி இல்லாமல் ஒரு நடை

சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும், வழிகாட்டியோடு ஒருமுறை போய்விட்டு அடுத்த நாள் உங்கள் போக்கில் போக ஆசைப்பட்டாலும், இந்தப் பாதை நன்றாக இருக்கும். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடலாம். அரை நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள்.

குங்ஸ்காத்தான் தெருவில் 55ஆம் எண், வேதெ-காத்தென். ஹோதோரியெத் சுரங்க ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். எஸ்தர் நோர்தாம்மர் என்ற பெண்மணி 1928இல் தொடங்கிய கடை. முன்பக்கம் பார்த்தால் சாதாரணமாகத் தெரியும். உள்ளே போகப் போக அறைக்குள் அறையாகத் திறந்துகொண்டே போகும், பழைய நாற்காலிகள், சுவர்க் காகிதம், மூலையில் செய்தித்தாள் படிக்கும் முதியவர்கள். இளவரசி கேக்கை இங்கே எடுங்கள். காலை பத்து மணிக்கு முன் போனால் பின்னறையில் இடம் கிடைக்கும். இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போகச் சொல்லும் பார்வை யாரிடமிருந்தும் வராது.

அங்கிருந்து த்ரோத்னிங்காத்தான் தெருவைப் பிடித்துத் தெற்கே நேராக நடந்தால், பாலம் தாண்டி, நாடாளுமன்றத்தின் ஊடாகவே காம்லா ஸ்டான் என்ற பழைய நகருக்குள் போய்விடலாம். கல் பாவிய சந்துகள், தட்டையான பிடிப்புள்ள செருப்பு அவசியம். ஸ்தூர்தோரியெத் சதுக்கத்தில் சிவப்பும் மஞ்சளுமாகக் குறுகலாக உயர்ந்து நிற்கும் வீடுகள்தான் எல்லா அஞ்சலட்டையிலும் இருப்பவை. 1520இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்தியான் பிரபுக்களையும் ஆயர்களையும் கூட்டமாகக் கொன்ற இடமும் இதுவே. அதே சதுக்கத்தில் கிரில்ஸ்கா ஹூசெத் கட்டடத்தில் ஒரு பேக்கரியும் காபிக் கடையும் உண்டு. வீடற்றவர்களுக்காக உழைக்கும் ஸ்டாத்மிஷோனென் என்ற தொண்டு அமைப்பு நடத்துகிறது. இங்கே வாங்கும் பன்னுக்குக் கொடுக்கும் காசு நல்ல வழியில் போகும்.

சந்து வழியாகத் தெற்கே இறங்கினால் யார்ன்தோரியெத் சதுக்கம், அங்கே 1785 என்று பலகையில் போட்டிருக்கும் சுந்த்பெரிஸ். நகரின் மிகப் பழைய பலகாரக் கடை என்ற பெயர் இதற்கு. வயிற்றில் இடம் இல்லையென்றால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நடக்கலாம்.

ஸ்லுஸ்ஸென் கடந்து ஸோடர்மால்ம் தீவில் ஏறினால் காபியின் முகமே மாறும். மரியாதோரியெத் பூங்காவுக்குப் பக்கத்தில், வோல்மர் இக்ஸ்குல்ஸ்காத்தான் தெருவில் த்ராப் காஃபி, ஸ்வேதென்போரிஸ்காத்தான் தெருவில் யோஹான் & நிஸ்த்ரோம். எந்தத் தோட்டம், எந்தப் பதப்படுத்தல் என்று கேட்டுக் குடிக்கும் புதிய தலைமுறை இளவறுப்புக் காபி இது. காலையில் குடித்த வடிகாபிக்கும் இதற்கும் உள்ள தூரத்தை நாக்கே சொல்லும். பலகாரம் இல்லாமல் காபியை மட்டும் குடிக்க இது சரியான இடம். நடையின் கடைசியில் வைத்ததற்கு அதுதான் காரணம்.

கோடைக்காலம் என்றால், இன்னொரு நாளில் யூர்கோர்தென் தீவுக்கு 7ஆம் எண் ட்ராமில் போய் ரோசென்டால் தோட்டத்தில் உட்காருங்கள். ஆப்பிள் மரங்களுக்கடியில் மேசை போட்டிருப்பார்கள், தோட்டத்தில் விளைந்ததையே சமைப்பார்கள். பேக்கரியும் அங்கேயே இருக்கிறது.

ஆறாம் படி: கோதன்பர்கும் அலிங்சோஸும்

கோதன்பர்கில் ஹாகா பகுதி. கீழ்த்தளம் கல்லாலும் மேல்தளங்கள் மரத்தாலும் கட்டிய பழைய தொழிலாளர் வீடுகளின் வரிசை. அங்கே கஃபே ஹுசாரெனில் தட்டு அகலத்துக்கு இலவங்கப்பட்டை பன் தருவார்கள். படம் எடுக்க நன்றாக இருக்கும். ருசிக்கு நான் சிறிய பன்னையே சொல்வேன், பெரியதில் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் வேக்காடு ஒன்றாக அமைவது கடினம்.

ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்தால் அதை அலிங்சோஸுக்குக் கொடுங்கள். கோதன்பர்கிலிருந்து புறநகர் ரயிலில் ஏறக்குறைய 40 நிமிடம். மர வீடுகள் நிறைந்த சின்ன ஊர், மையப்பகுதி முழுவதையும் காலாற நடந்தே பார்த்துவிடலாம். ஸ்வீடனில் உருளைக்கிழங்கைப் பரப்பியவர் என்று பெயர் பெற்ற யோனாஸ் அல்ஸ்த்ரோமர் 1685இல் பிறந்தது இங்கே. 1724இல் அவர் தொடங்கிய ஜவுளி ஆலைதான் ஊரை வளர்த்தது. இன்று ஊருக்குக் காபிக் கடை நகரம் என்றே பெயர், கடைகள் அவ்வளவு. நைகிரென்ஸ் போன்ற பழைய கடைகளும், இயற்கை வேளாண் மாவில் சுடும் நோல்பிகோர்ட் பேக்கரியும் இந்த வட்டாரத்தில் பேர் பெற்றவை.

இங்கே வழிகாட்டியோடு நடக்கும் ஃபிகா நடையில் ஒவ்வொரு கடையிலும் கொஞ்சம் ருசி, இடையிடையே ஊர்க்கதை என்று போகும். கடைகள் அடுத்தடுத்து இருப்பதால் நடை குறைவு, உட்காரும் நேரம் அதிகம். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு ஸ்டாக்ஹோமைவிட இது எளிது. எல்லா நாளும் நடக்காது, ஆகவே தேதியைப் பார்த்துப் பதிவு செய்துவிட்டு ரயில் சீட்டு எடுங்கள்.

ஏழாம் படி: அன்றைய நாள்

காலைச் சாப்பாட்டைப் பாதியாகக் குறையுங்கள், ஆனால் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சர்க்கரையும் காபியும் மட்டும் மூன்று மணி நேரம் போனால் தலைவலி வரும். நீரிழிவு உள்ளவர்கள் ஒவ்வொரு பலகாரத்தையும் துணையோடு பகிர்ந்துகொள்ளலாம், வழிகாட்டியிடம் சொன்னால் கத்தி கொண்டுவரச் சொல்வார். மீந்ததைப் பொட்டலம் கட்டித் தரக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பணத்தாள் தேவைப்படாது. பல கடைகளில் வாங்கவே மாட்டார்கள், அட்டை மட்டும்தான். கடைக்குள் நுழைந்ததும் சுவரோரம் எண் சீட்டு தரும் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒன்றைக் கிழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். முந்திப் போய் நின்றால் யாரும் திட்ட மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கவனிப்பார்கள். பொதுவாக முதலில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு பிறகு இடம் பிடிப்பது வழக்கம். குடித்து முடித்த கோப்பையைத் தட்டு அடுக்கும் இடத்தில் நாமே வைத்துவிடுவது மரியாதை. டிப்ஸ் கட்டாயம் இல்லை.

"என் கார்தெமும்மாபுல்லே ஓக் என் பிரிக்காஃபே, தாக்." ஒரு ஏலக்காய் பன்னும் ஒரு வடிகாபியும் வேண்டும், நன்றி. இவ்வளவு சொன்னால் போதும். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் முகம் மலர்ந்திருக்கும்.

அப்புறம், உட்கார்ந்த பிறகு போனைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஒரு படம் எடுத்துக்கொள்வது சரி. அதன் பிறகு கூட வந்தவர்களோடு பேசுங்கள். குழுவில் முன்பின் தெரியாதவர்கள் இருப்பார்கள், வழிகாட்டியும் தன் வீட்டுப் பன் செய்முறையைச் சொல்ல ஆரம்பிப்பார். நல்ல வழிகாட்டி இந்தப் பேச்சுக்கு நேரம் விடுவார். கடிகாரத்தைப் பார்த்து அடுத்த கடைக்கு விரட்டினால், நீங்கள் பொறுமையாக ஒரு போத்தோர் ஊற்றிக்கொள்ளுங்கள், அவரும் உட்கார்ந்துவிடுவார்.

எட்டாம் படி: வீட்டுக்கு என்ன வாங்குவது

பன்னை வாங்காதீர்கள், மறுநாளே காய்ந்துவிடும். சூப்பர் மார்க்கெட்டில் முத்துச் சர்க்கரை ஒரு பெட்டி, கொரகொரப்பாக இடித்த ஏலக்காய் ஒரு பொட்டலம் எடுங்கள். ஏலக்காய் நம்மிடமே இருந்தாலும், இடிப்பின் பருமனைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதிரி வேண்டும். காபித் தூள் எடுப்பதானால் பொட்டலத்தில் அரைப்பின் வகையைப் பாருங்கள்: பிரிக்மாலெத் என்றால் வடிதாளுக்கு, கோக்மாலெத் என்றால் கொதிக்க வைப்பதற்கு. பின்னது நம் ஃபில்டரில் போட்டால் தண்ணீர் ஓடிவிடும், டிகாஷன் இறங்காது. முழுக் கொட்டையாக வாங்கிவந்து நம் ஊர் மில்லில் அரைத்துக்கொள்வது நல்லது. கறுப்பு வறுப்பு எடுத்தால் பாலுக்கும் தாங்கும்.